யார் கொடுத்த பால்?

சம்பந்தர் கதையில் எல்லோரும் பாலோடு நிறுத்திக்கொள்கிறார்கள். சீர்காழிக் கோயிலின் பிரம்ம தீர்த்தக் கரையில் மூன்று வயதுப் பிள்ளை அழுதது, அம்மை வந்து பொற்கிண்ணத்தில் பால் ஊட்டினாள், பிள்ளைக்கு ஞானம் வந்தது. இதற்கு முன்னும் பின்னும் சேக்கிழார் பெரியபுராணத்தில் எழுதிவைத்திருக்கும் இரண்டு சின்னச் சங்கதிகள், சிறுபிள்ளைகளோடு ஊருக்கு வந்துபோகிற எனக்குப் பாலைவிட முக்கியமாகப் படுகின்றன.

முன்னால் நடந்தது இது. அப்பா சிவபாத இருதயர் குளிக்கக் கிளம்புகிறார். பிள்ளை பின்னாலேயே வருகிறது. அவர் திரும்பிக் கோபிப்பதுபோல் பார்க்கிறார். அது நிற்கவில்லை. காலில் கட்டிய கிண்கிணி ஒலிக்கத் தரையை உதைத்து அழுகிறது. சரி வா என்று கூட்டிக்கொண்டு போகிறார். கரையில் உட்கார வைத்துவிட்டுத் தண்ணீருக்குள் மூழ்கி மந்திரம் சொல்கிறார். அப்பாவின் தலை தெரியவில்லை என்றதும் மறுபடி அழுகை. வீட்டில் மூன்று வயதுப் பிள்ளை இருக்கும் யாருக்கும் இதற்கு உரை தேவையில்லை. 12ஆம் நூற்றாண்டில் சோழ அமைச்சராக இருந்த ஒருவர், அடம்பிடிக்கும் பிள்ளையை எவ்வளவு கிட்டத்தில் நின்று பார்த்திருக்கிறார் என்று வியந்துகொண்டேதான் ஒவ்வொரு முறையும் இந்த இடத்தைக் கடக்கிறேன்.

பின்னால் நடந்தது இன்னும் கனமானது. அப்பா குளித்து எழுந்து வருகிறார். பிள்ளையின் கடைவாயில் பால். அவருக்குக் கோபம் வருகிறது. யார் கொடுத்த பாலைக் குடித்தாய், யாருடைய எச்சிலை வாயில் வைத்தாய் என்று அதட்டுகிறார். கையில் ஒரு சிறு கோலை எடுத்து ஓங்குகிறார். பிள்ளை கையை உயர்த்திக் கோயிலைக் காட்டிப் பாடுகிறது. தேவாரத்தின் முதல் பதிகம் ஒரு தகப்பனின் அதட்டலுக்குப் பதிலாகப் பிறந்தது.

மே மாத லீவில் சீர்காழியில் இருக்கும் அம்மா வீட்டுக்கு வந்து இறங்கியதிலிருந்து நானும் என் கணவரும் கேட்டுக்கொண்டே இருப்பது அந்தக் கேள்வியைத்தான். யாரு குடுத்தா? என்ன குடுத்தாங்க? எதுக்கு வாங்குன?

எதிர்வீட்டு ஆயா திண்ணையில் உட்கார்ந்து நுங்கு சீவிக்கொண்டிருந்தார். சீவிய காயில் கண்கள் திறந்துகொண்டன. கட்டைவிரலை உள்ளே விட்டு ஒரு சுழற்று. நுங்கு உடையாமல், உள்ளே தண்ணீர் குலுங்க வெளியே வந்தது. அந்த விரலில் பழைய அரிவாள் தழும்பு இருந்தது, நகத்தோரம் வெற்றிலைச் சுண்ணாம்பு இருந்தது. அப்படியே என் மகளின் வாயில் வைத்தார். தண்ணீர் முகவாயில் வழிந்து சட்டைக்குள் இறங்கியது. சின்னவனுக்குத் தோலை உரித்து, மசித்து, உள்ளங்கையில் ஏந்திக் கொடுத்தார். வீட்டில் ஒரு வாய் சோற்றுக்குச் செல்போன் கேட்கும் பிள்ளைகள், மடியில் ஒருத்தரும் காலடியில் ஒருத்தருமாக, அடுத்த நுங்கு எப்போது வரும் என்று அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சென்னையிலிருந்து சோழன் எக்ஸ்பிரஸில் வந்தால் கொள்ளிடம் பாலம் தாண்டும்போதே பெட்டிகளை இறக்க ஆரம்பித்துவிடுவோம். கோடையில் ஆறு மணலாகக் கிடக்கும். பள்ளிக்கூடம் திறப்பது ஜூன் தொடக்கத்தில். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. அந்தத் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர மேலும் நாளாகும். 2022இல் மே 24ஆம் தேதியே திறந்தது அபூர்வம். ஆகவே லீவுக்கு வரும் பிள்ளைகள் காவிரி நாட்டுக்கு வந்துவிட்டுக் காவிரியில் தண்ணீரைப் பார்க்காமலே திரும்புகிறார்கள். உளுந்தும் பயறும் எடுத்து முடித்த வயல் வெடித்துக் கிடக்கிறது. பத்து மணிக்கு மேல் தெருவில் கால் வைக்க முடியாது. இந்த மாதத்தில் இந்த ஊர் பிள்ளைகளுக்குக் கொடுக்கக்கூடியது மனிதர்களை மட்டும்தான்.

சீர்காழிக் கோயிலின் சித்திரைப் பெருவிழாவில் திருமுலைப்பால் உற்சவத்தன்று அந்த மனிதர்களைக் கண்ணால் பார்க்கலாம். சம்பந்தர் பிரம்ம தீர்த்தக் கரைக்கு எழுந்தருள்கிறார். அம்மை பால் கொடுத்த கதை அங்கே நிகழ்ந்து காட்டப்படுகிறது. பெண்கள் வீட்டிலிருந்து பால் காய்ச்சிச் சர்க்கரை போட்டு எடுத்து வருகிறார்கள். எவர்சில்வர் தூக்கு, சொம்பு, பால் புட்டி என்று கையில் கிடைத்ததில் எல்லாம் பால். நைவேத்தியம் ஆனதும் தங்கள் பிள்ளைக்குக் கொடுக்கிறார்கள். கொடுத்துவிட்டு நிற்பதில்லை. பக்கத்தில் யார் இடுப்பில் எந்தப் பிள்ளை இருந்தாலும் அதன் வாயிலும் ஒரு மடக்கு. பெயர் கேட்பதில்லை, தெரு கேட்பதில்லை. தகப்பன் கோலை ஓங்கிய அதே படிக்கட்டில், யார் கொடுத்த பால் என்று யாரும் கேட்காத நேரம் அது.

இப்படிப் பல கைகளில் சாப்பிட்டுத்தான் மனிதக் குழந்தை மனிதக் குழந்தையாக ஆனது என்று சொல்கிற ஆய்வாளர்கள் உண்டு. அமெரிக்க மானிடவியலாளர் சாரா பிளாஃபர் ஹர்டி 2009இல் வெளியிட்ட ‘மதர்ஸ் அண்ட் அதர்ஸ்’ நூல் முழுக்க இதைத்தான் வாதிடுகிறது. சிம்பன்சித் தாய் தன் குட்டியைப் பல மாதங்களுக்கு வேறு யாரையும் தூக்க விடுவதில்லை. மனிதத் தாய் பிறந்த குழந்தையையே பாட்டி கையில் கொடுக்கிறாள். இவ்வளவு மெதுவாக வளர்கிற, இவ்வளவு காலம் ஊட்டிவிட வேண்டிய பிள்ளையை ஒரு தாய் தனியாக வளர்த்திருக்கவே முடியாது. பல பேர் முகத்தைப் பார்த்து, யார் நமக்குத் தருவார் என்று கணித்து வளர்ந்ததால்தான் அடுத்தவர் மனதை அறியும் திறன் நமக்கு வந்தது என்பது ஹர்டியின் கருத்து. தான்சானியாவில் ஹட்சா மக்களோடு இருந்து பார்த்த கிறிஸ்டன் ஹாக்ஸ், பாட்டிகள் தோண்டி எடுக்கும் கிழங்குதான் பேரப்பிள்ளைகளின் வயிற்றை நிரப்புகிறது என்று காட்டினார். நுங்கு தோண்டிய கட்டைவிரலைப் பார்த்த பிறகு எனக்கு அதை நம்பத் தனியாகச் சான்று வேண்டியிருக்கவில்லை.

ஆனால் அந்தக் கைகள் குறைந்துகொண்டு வருகின்றன. என் அம்மாவோடு பிறந்தவர்கள் ஆறு பேர். லீவு விட்டால் இந்தக் கூடத்தில் பிள்ளைகள் வரிசையாகப் படுத்திருந்தோம். எனக்கு ஒரே தம்பி. என் பிள்ளைகளுக்கு ஒரே மாமா. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 பிள்ளைகள். இதில் குறை சொல்ல எதுவும் இல்லை. பெண்கள் படித்து, வேலைக்குப் போய், தங்கள் உடம்பைத் தாங்களே தீர்மானித்துப் பெற்ற விடுதலை இது. என் அம்மாச்சிக்குக் கிடைக்காதது. இருந்தாலும் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒற்றைப் பிள்ளையும் ஒற்றைப் பிள்ளையும் கல்யாணம் செய்துகொண்டால், அவர்களுக்குப் பிறக்கும் பிள்ளைக்கு அத்தை கிடையாது, மாமா கிடையாது, சித்தி, பெரியப்பா கிடையாது. கூட விளையாட மாமன் மகள், அத்தை மகன் கிடையாது. சீனா 1980 முதல் 2015 வரை ஒரே பிள்ளை என்று சட்டமே போட்டு இந்த நிலைக்கு வந்தது. நாம் சட்டம் இல்லாமலே வந்துகொண்டிருக்கிறோம்.

உறவு என்பது லீவுக்கு மட்டும் வரும் விருந்து என்று நகரத்திலிருந்து வருகிறவர்கள் நினைத்துக்கொள்கிறோம். இந்தப் பக்கத்துக் கிராமங்களில் பல வீடுகளில் நேர் தலைகீழ். அப்பாவும் அம்மாவும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார்கள்; பிள்ளையை வளர்ப்பது அப்பாயி. அல்லது அப்பா சிங்கப்பூரிலோ துபாயிலோ. அங்கே உறவுக்காரர்கள்தான் அன்றாடம். பெற்றவர்கள்தான் லீவுக்கு வருகிறவர்கள். அப்படி ஒரு வீட்டில் பார்த்தேன். இரண்டு வருடம் கழித்து வந்திருந்த அப்பா கூடத்தில் உட்கார்ந்து சாக்லேட்டை நீட்டினார். பிள்ளை அப்பாயியின் முந்தானைக்குள் போய் நின்றுகொண்டது. “அப்பாதான்டா, போடா தங்கம்” என்று எல்லோரும் சொன்னார்கள். அது வரவில்லை. கடைசியில் அப்பாயி அந்தச் சாக்லேட்டை மகன் கையிலிருந்து வாங்கி, காகிதத்தைப் பிரித்து, தன் கையால் ஊட்டினார். பிள்ளை வாங்கிக்கொண்டது. அப்பா சிரித்துக்கொண்டுதான் இருந்தார். அவர் கை சிறிது நேரம் நீட்டியபடியே இருந்தது.

கடற்கரைப் பக்கம் போனால் வேறொரு காட்சி. பழையாறு, திருமுல்லைவாசல், பூம்புகார் எல்லாம் சீர்காழிக்குக் கிழக்கே இருக்கும் மீனவ ஊர்கள். கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் இனப்பெருக்கத்துக்கான தடைக்காலம். அது பெரும்பாலும் பிள்ளைகளின் பள்ளி விடுமுறையோடு பொருந்திப்போகிறது. வருடம் முழுக்க விடியுமுன் கிளம்பிப்போகும் அப்பாக்கள் இரண்டு மாதம் வீட்டில் இருக்கிறார்கள். கரையேற்றிய படகுக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள், வலை சரிசெய்கிறார்கள். பிள்ளைகள் அந்தப் படகின் நிழலில்தான் விளையாடுகிறார்கள். ஒரு குடும்பத்துக்கு அரசு தரும் தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய். இரண்டு மாதத்துக்கு அது எப்படிப் போதும்? அப்பா கூட இருக்கும் காலமும் கையில் காசு இல்லாத காலமும் அந்தப் பிள்ளைகளுக்கு ஒன்றாகவே வருகின்றன. மீனுக்குக் கொடுக்கும் இடைவெளியில் அந்தக் குடும்பங்கள் நிம்மதியாக வாழும்படி நிவாரணத்தை உயர்த்துவது ஒரு அரசுக்குப் பெரிய செலவு அல்ல.

சிவபாத இருதயரின் கோலையும் நான் முழுக்கத் தப்பு என்று சொல்ல மாட்டேன். யார் கொடுத்தது என்று கேட்க ஒரு தாய்க்குக் காரணம் இருக்கிறது. ஒரு வயது ஆகாத பிள்ளையின் நாக்கில் தேன் தடவ இன்னமும் பெரியவர்கள் வருகிறார்கள். தடவக் கூடாது என்று மருத்துவர்கள் தெளிவாகச் சொல்கிறார்கள், அதில் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. குளம், வாய்க்கால், கடல் என்று கோடையில் தண்ணீரில் போன பிள்ளைகளின் செய்தி ஒவ்வொரு வருடமும் வருகிறது. வீடு நிறைய ஆள் இருக்கும்போது பிள்ளையை யாரோ பார்த்துக்கொள்கிறார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொள்வதுதான் அபாயம். அதைவிடச் சொல்லக் கூசுகிற இன்னொன்றும் உண்டு. பிள்ளைகளிடம் தகாத முறையில் நடந்துகொள்கிறவர்கள் பெரும்பாலும் பிள்ளைக்குத் தெரிந்தவர்கள். போக்சோ சட்டம் 2012இல் வந்தது. அந்தச் சட்டம் இருப்பது தெரிந்தும் கூட்டுக் குடும்பத்தில் வாய் மூடிக்கொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். “மாமாவுக்கு ஒரு முத்தம் குடு” என்று கேட்கும்போது என் மகள் மாட்டேன் என்றால், மாட்டேன்தான். கொடு என்று நான் தள்ளிவிடுவதில்லை. மனம் கோணுகிறவர்கள் கோணட்டும். எந்தக் கைக்குப் போவது, எதிலிருந்து விலகுவது என்று பிள்ளைக்கே ஒரு அறிவு உண்டு. பல கைகளுக்கு நடுவில் வளரும்போதுதான் அது கூர்மையாகிறது. ஒரு கையும் தெரியாமல் வளர்ந்த பிள்ளைக்கு எதை வைத்து ஒப்பிட்டுப் பார்க்கத் தெரியும்?

உறவுகளின் வாய் இருக்கிறதே, அதையும் சொல்லியாக வேண்டும். “இன்னும் பேசலயா? என் பேத்தி இவன் வயசுல கதையே சொன்னா” என்றார் என் பெரியம்மா. சின்னவன் பேச்சு கொஞ்சம் தாமதம். ஊருக்கு வந்த அன்றே இந்தக் கேள்வி ஆரம்பித்துவிட்டது. இளம் தாய்மார்கள் ஊருக்கு வரத் தயங்குவதற்குச் சோற்றையோ வெயிலையோவிட இந்த மாதிரிக் கேள்விகள்தாம் காரணம். ஆனால் அதே பெரியம்மாதான் மறுநாள் காலை வெயில் ஏறுமுன் ஆட்டோவோடு வாசலில் நின்றார். “கிளம்புடி, திருக்கோலக்கா போய்ட்டு வந்துருவோம்.”

ஊரை ஒட்டியே இருக்கிறது திருக்கோலக்கா. தாளமுடையார் கோயில். பால் குடித்த பிள்ளை அடுத்ததாக வந்த தலம். இங்கிருந்து திரும்பும்போது அப்பா தோளில் தூக்கிக்கொண்டு போனார் என்கிறார்கள். நேற்றுக் கோல் எடுத்த கைதான் இன்று பிள்ளையைத் தோளில் ஏற்றியிருக்கிறது. பிஞ்சுக் கையால் தாளம் போட்டுப் பாடியபோது கை சிவந்துவிடும் என்று இறைவன் பொன் தாளம் கொடுத்தான், அதற்கு ஓசையை அம்மை கொடுத்தாள். அம்மனுக்குப் பெயரே ஓசை கொடுத்த நாயகி. பேச்சு வராத பிள்ளைகளை இங்கே கொண்டுவந்து வேண்டிக்கொள்வது வழக்கம். பெரியம்மா சின்னவனைத் தன் இடுப்பிலேயே வைத்துக்கொண்டு, அவன் பெயரையும் நட்சத்திரத்தையும் அர்ச்சகரிடம் சொன்னார். என்னைவிடத் தெளிவாக, என்னைவிடக் கவலையோடு சொன்னார். முதல் நாள் கேட்ட கேள்வி குத்தலாக இருந்தது உண்மை. அந்தக் கேள்வியோடு ராத்திரி முழுக்கத் தூங்காமல் இருந்தவரும் அவர்தான். கோயிலுக்குப் போனதோடு காது கேட்கும் திறனையும் பரிசோதித்துவிடுங்கள் என்று இதே நிலையில் இருக்கும் பெற்றோருக்குச் சொல்வேன், நாங்களும் செய்தோம். காது நன்றாக இருக்கிறது.

சம்பந்தரின் கதை முடிவதும் இந்த வட்டாரத்தில்தான், கொள்ளிடம் பக்கத்து ஆச்சாள்புரத்தில். அவர் கல்யாணம் நடந்த ஊர். வைகாசி மூலத்தில் இன்றும் அங்கே அந்தத் திருமணத்தை விழாவாக எடுக்கிறார்கள். கல்யாணம் முடிந்து இறைவன் சோதியாகத் தோன்றியதும் அதற்குள் மாப்பிள்ளை மட்டும் போகவில்லை. பெண், பெண்ணைப் பெற்றவர், சிவபாத இருதயர், கூடவே யாழ் வாசித்து வந்த திருநீலகண்ட யாழ்ப்பாணரும் அவர் மனைவியும், கல்யாணத்துக்கு வந்திருந்த அத்தனை பேரும் அதற்குள் போனார்கள். எல்லோரையும் உள்ளே அனுப்பிவிட்டுத்தான் அவர் போனார் என்கிறது புராணம். அப்பாவின் தலை தண்ணீருக்குள் மறைந்ததற்கு அழுத பிள்ளை, யாரையும் வெளியே விட்டுவிட்டுப் போகச் சம்மதிக்கவில்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டு அடுப்படியைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. பிள்ளைகளுக்கு லீவு, அலுவலகத்திலிருந்து வந்தவர்களுக்கு லீவு. எழுபதைத் தொடப்போகும் என் அம்மாவுக்கு வருடத்திலேயே கடினமான மாதம் இது. விடியுமுன் வடகக் கூழ் கிண்டுகிறார். வெயில் ஏறுமுன் மாடியில் பிழிந்தாக வேண்டும்; பிள்ளைகள் எழுந்து வந்து பாதிக் கூழைத் தின்றுவிடுவார்கள் என்று அதற்கும் சேர்த்துக் கிண்டுகிறார். இட்லி மூன்று தவணை. ஒரு பிள்ளைக்குக் காரமில்லாத குழம்பு, ஒன்றுக்குத் தயிர் ஆகாது. ஆண்கள் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து செல்போன் பார்க்கிறார்கள். என் கணவர் மாவு அரைக்க உட்கார்ந்தபோது அம்மா பதறினார். “நீங்க போங்க மாப்ள, நான் பாத்துக்குறேன்.” அவர் எழுந்திருக்கவில்லை. பிறகு என் தம்பியும் பாத்திரம் தேய்க்க வந்தான். அம்மா ஒன்றும் சொல்லாமல் கூடத்தில் வந்து படுத்தார். பேரப்பிள்ளைகள் இரண்டும் மேலே ஏறிக்கொண்டன. உறவு வேண்டும், பாட்டி கை வேண்டும் என்று ஏங்குகிற ஆண்கள் முதலில் அந்தக் கைக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். அதைச் செய்யாத ஏக்கத்தில் எனக்கு மரியாதை இல்லை.

அடுத்த லீவுக்கு ஊருக்குக் கிளம்புகிறவர்களிடம் கேட்க ஒன்று இருக்கிறது. ரெயில் டிக்கெட் இப்போது 60 நாளுக்கு முன்னால்தான் எடுக்க முடியும். ஆகவே இதையும் அப்போதே யோசிக்கலாம். உங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில், ஊரும் இல்லாமல் கூடப் பிறந்தவரும் இல்லாமல் கோடை முழுக்க அறைக்குள் இருக்கும் ஒரு பிள்ளை நிச்சயம் இருக்கும். அதன் அப்பா அம்மாவிடம் பேசுங்கள். அவர்கள் உங்கள் ஊரை, உங்கள் வீட்டு ஆட்களைத் தெரிந்துகொள்ள ஒருமுறை அழைத்துக் காட்டுங்கள். அவர்களுக்கு மனம் ஒப்பினால், உங்கள் பிள்ளையோடு அந்தப் பிள்ளைக்கும் ஒரு டிக்கெட் எடுங்கள். என் அம்மாவிடம் கேட்டுவிட்டேன். எங்கள் வீட்டில் இடம் இருக்கிறது.